பதிவெழுதப் பழகிய பருவம்

தமிழில் எழுத வேண்டுமென்ற ஆசை பிறந்த ஓர் இளைஞன், தான் எழுதியதைப் பிறர் கண்ணில் படச் செய்வதற்கு, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டு மார்க்கங்களையே அறிந்திருந்தான். சுயவிலாசமிட்டுத் தபால் தலையும் ஒட்டிய உறையொன்றைக் கதையோடு சேர்த்துப் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, அந்த உறை திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு தபால்காரரின் வருகையைக் கவனித்துக்கொண்டிருப்பது ஒன்று. அந்தக் காத்திருப்புக்குப் பொறுமையில்லாதவர்கள், நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது மற்றொன்று. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ நடத்தியதும், ஸ்ரீரங்கத்தில் பிற்காலத்துக் கவிஞர் வாலி ‘நேதாஜி’யைத் தொடங்கி அதன் முதற் பிரதியைக் கல்கியின் கையால் வெளியிடச் செய்ததும், அதில் பின்னாளைய சுஜாதா பங்கெடுத்ததும் நமது இலக்கிய சரித்திரத்தில் பிரசித்தமானவை. பத்திராதிபரின் தயவும் வேண்டாமல், பிரதியெடுக்கும் கைவலியும் இல்லாமல், எழுதிய மறுகணமே உலகமெங்கும் படிக்கக்கூடிய வலைப்பதிவு என்ற மூன்றாவது மார்க்கமொன்று 2003ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் தமிழனுக்குத் திறந்தது. முதல் தமிழ் வலைப்பதிவர் யார் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அது தீர்ந்தாக வேண்டிய அவசியம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் பைரா லேப்ஸ் என்ற சிறு ஸ்தாபனம் ‘பிளாகர்’ என்னும் சாதனத்தை 1999 ஆகஸ்டில் வெளியிட்டது. 2003 பிப்ரவரியில் கூகிள் அதை வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவனுக்கு அதில் கற்றுக்கொள்ள வேண்டியது சொற்பம்: பெயர் கொடுத்து, கடவுச்சொல் வைத்து, பக்கத்தின் தோற்றத்தைத் தேர்ந்துகொண்டால் அவன் எழுதத் தொடங்கிவிடலாம். தமிழில் எழுதப் புகுந்தவனோ, எதை எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்பே, எழுத்தைத் திரையில் எப்படி வரவழைப்பது என்ற பிரச்னையில் மாட்டிக்கொண்டான்.

அந்தப் பிரச்னைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ என்ற மென்பொருளால் கணினியில் தமிழை எழுத வைத்துவிட்டார்; ஆயினும், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தமிழெழுத்துருக்கள் பெருகிய வேகத்தில் அவற்றுக்கிடையே ஒற்றுமை பெருகவில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கெனப் பிரத்தியேகமான எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றின் தளத்தைப் படிக்க இறக்கிக்கொண்ட எழுத்துரு மற்றொன்றுக்கு உதவாது. கடல் கடந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே திஸ்கி என்றொரு பொது ஏற்பாட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு டாப், டாம் என்ற வேறிரண்டையும், தமிழ்99 என்ற விசைப்பலகையையும் அங்கீகரித்தது. இவற்றுக்கெல்லாம் முன்னதாகவே, 1991இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஏற்பாடாகிய யூனிகோடு தன் முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், மைக்ரோசாப்டின் விண்டோஸ் 2000 வரும் வரையில் சாமானியனின் கணினியில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

யூனிகோடில் இன்னொரு சங்கடம். திஸ்கியில் கொம்பை முதலில் வைத்து, எழுத்தைப் பின்னால் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற வரிசையே கணினி காப்பாற்றும் வரிசையும் ஆகும். யூனிகோடோ உச்சரிப்பின் வரிசையைப் பின்பற்றி, மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்து வரும் பொறுப்பை இயங்குதளத்திடம் விட்டுவிட்டது. அந்தப் பொறுப்பை அறியாத பழைய விண்டோஸ் 98 கணினிகள் பலவற்றில், கொம்புகள் தம் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு அலைந்தன. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவரும் தப்பவில்லை. கண்ட்ரோல் பேனலுக்குள் சென்று, சிக்கலான லிபிகளுக்கான கட்டத்தில் ஒரு குறியிட்டால், நிறுவல் குறுந்தகட்டைப் போடு என்று அது கேட்கும். அந்தக் குறுந்தகடோ கணினியை விற்றவரிடமே தங்கிப்போயிருக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவருக்கு எதையும் நிறுவும் உரிமையே கிடையாது. அவர்களுக்காகவே அதிராம்பட்டினத்து உமர் தம்பி, வாசகர் எதையும் நிறுவாமலே பக்கத்தோடு கூடவே வந்து இறங்கும் ‘தேனீ’ இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே அது வேலை செய்யும் என்ற குறை இருந்தபோதிலும், அன்று சென்டர்களில் இருந்தது பெரும்பாலும் அதுதான் ஆகையால், அந்தக் குறையை யாரும் பாராட்டவில்லை. 2006இல் அவர் காலமானபோது, அவரை நேரில் பார்த்தறியாத எத்தனையோ பேர் அஞ்சலி எழுதினார்கள்.

படிப்பதற்கு இவ்வளவு பாடு. எழுதுவதற்கு வேறு பாடு. முகுந்த் முதலான ‘தமிழா’ குழுவினர் வெளியிட்ட எ-கலப்பையை நிறுவிக்கொண்டு, ஆங்கிலப் பலகையில் ஒலிப்படி தட்டத் தொடங்கிய புதியவர், இஸட்டைத் தட்டினால் ழகரம் வரும், டபிள்யூவைத் தட்டினால் நகரம் வரும் என்பனவற்றை இரண்டாம் முறை அரிச்சுவடி படிப்பவராய் மனனம் செய்தார். தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் தேறியவர்களுக்கு மட்டும் விரல்கள் பழைய தடத்திலேயே ஓடியதால், புதிய பலகை பெரிய இம்சையாயிருந்தது. பழைய எழுத்துருக்களில் முன்னமே எழுதிக் குவித்தவர்கள், சுரதா யாழ்வாணன் ஆக்கிய மாற்றிப் பெட்டியில் அவற்றைக் கொட்டி யூனிகோடாக்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு புதியவரின் முதல் இடுகை பெரும்பாலும் ‘சோதனை’ என்ற ஒற்றைச் சொல்லாகவோ, ‘வணக்கம்’ என்பதாகவோ இருந்ததில் என்ன ஆச்சரியம்!

மேலே சொன்ன சாதனங்களில் பல இலவசமாகவே கிடைத்தன. அவற்றை உபயோகிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களும் கூலி வாங்கவில்லை. கதையும் கவிதையும் எழுத வந்தவர்களே இடையிடையே, எக்ஸ்பியில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது, டெம்ப்ளேட்டில் எந்த வரிக்குக் கீழே எந்த நிரல்துண்டை ஒட்டுவது என்று படம் போட்டு விளக்கி எழுதினார்கள். பத்தியின் இரு ஓரங்களையும் ஒழுங்காக்கும் ஆசையால் ‘ஜஸ்டிஃபை’ கொடுத்தவரிடம், பயர்பாக்ஸில் உங்கள் எழுத்தெல்லாம் உடைந்து சிதறித் தெரிகிறது, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள் என்று முகமறியாத ஒருவர் எங்கிருந்தோ வந்து சொல்லிவிட்டுப் போவார். 2008இல் பயர்பாக்ஸின் மூன்றாம் பதிப்பு வரும் வரையில் இந்த விண்ணப்பம் ஓயவில்லை. என் அபிப்பிராயம், தமிழ் வலைப்பதிவுலகத்தை ஒரு சமூகமாக ஆக்கியது அதன் இலக்கிய ருசி அல்ல, இந்தக் கொம்புச் சிக்கல்தான் என்பது. பிறரிடம் கேளாமல் முதலடியே வைக்க முடியாத இடத்தில் நுழைந்தவர், கற்றதைப் பிறருக்குச் சொல்லும் கடனோடுதான் உள்ளே வந்தார்.

2004இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்ற திரட்டியைத் தொடங்கியதும் இந்தப் பள்ளிக்கு ஒரு முற்றம் கிடைத்தது. இப்போது எழுதப்பட்டது இதோ என்று அது உடனுக்குடன் காட்டியதால், நேற்று வந்தவரின் எழுத்தும் பேர்போனவரின் எழுத்தும் அடுத்தடுத்த வரிகளில் நின்றன. வாரந்தோறும் ஒருவரை நட்சத்திரமாக அமர்த்தும் வழக்கமும் அங்கே இருந்தது. புதியவர் இனிக் கற்க வேண்டியவை ஆசாரங்கள். பிறர் பதிவில் பின்னூட்டமிட்டால்தான் நம் பதிவுக்கும் வருவார்கள் என்ற நியதிக்குப் பதிவர்கள் தாமே சூட்டிய பெயர் ‘மொய்’. ஒருவரின் சாதாரண வாக்கியத்தில் மறைந்திருக்கும் இடிப்புக்கு ‘உள்குத்து’ என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பதில் சிலர் அடைந்த நிபுணத்துவம், எழுதியவரே அறியாத உள்குத்துகளையும் எடுத்துக் காட்டியது. சாதியும் கட்சியும் சண்டைக்கு விறகாயின. அனானிகளும், பிறர் பெயரில் ஆபாசம் எழுதியவர்களும் தலையெடுத்த பிறகு, பின்னூட்டங்களைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்தல் கட்டாயமாயிற்று. இதை விரிப்பதில் எனக்கு உற்சாகமில்லை.

2007 ஆகஸ்ட் 5ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரீனா வளாகத்தில் பதிவர் பட்டறை ஒன்று நடந்தது. திரைக்குப் பின்னாலிருந்தே கற்பித்து வந்தவர்கள், அன்று ஒரு கூடத்தில் கணினிகளைப் பரப்பி வைத்து, புதியவர்களைப் பக்கத்தில் உட்கார்த்தி, தட்டச்சுப் பழக்கி, பதிவு திறந்து கொடுத்தார்கள். அவ்வாண்டிலேயே புதுச்சேரியிலும் இத்தகைய பட்டறை நடந்தது. 2015இல் புதுக்கோட்டையில் பதிவர்களின் திருவிழா நடந்தபோதோ, எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முகநூலுக்குப் பெயர்ந்துவிட்டிருந்தார்கள். கைப்பேசியில் தமிழ் தானாகவே வந்தது, கொம்பு தன் இடத்தில் தானாகவே நின்றது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லாமற்போகவே, சொல்லிக்கொடுப்பவருக்கும் வேலையில்லாமற்போயிற்று. இதற்காக வருந்துவது நியாயமாகாது. முன்பு எழுதாத எத்தனையோ ஆயிரம் பேர் அந்தச் சௌகரியத்தால்தான் எழுத வந்தார்கள்.

வருந்த வேண்டிய விஷயம் வேறு. அந்தப் பாடங்கள் எழுதப்பட்ட பக்கங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் பல குடியிருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடிவிட்டது. இலவச இடமளித்த சிறு தளங்கள் பலவும் சொல்லாமல் மறைந்தன. கையெழுத்துப் பத்திரிகையாவது ஒரு பரணில் கிடந்து, பிற்காலத்து ஆராய்ச்சியாளன் கையில் கிடைக்கக்கூடும். சர்வரை நிறுத்தினால் மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. பிளாகரின் அமைப்புப் பகுதியில், எழுதிய அனைத்தையும் பின்னூட்டங்களோடு ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அக்காலத்தில் பதிவெழுதிய அன்பர்கள், மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்தாவது, இந்த வாரத்திலேயே அந்தக் கோப்பை எடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கவிதைகளை விட்டாலும் விடுங்கள். எ-கலப்பையை நிறுவுவது எப்படி என்று எழுதினீர்களே, அதை விட்டுவிடாதீர்கள்.