கீழாநெல்லி ஆய்வுகள்

கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்குச் சித்த மருத்துவத்திலும் வீட்டு வைத்தியத்திலும் நெடுங்காலமாக வழங்கிவரும் சிறு செடி. மழைக்குப்பின் வயல் வரப்புகளிலும் தோட்டங்களிலும் தானே முளைக்கும். ஓரடி முதல் இரண்டடி வரை வளரும். கிளைகளின் அடிப்புறத்தில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்கும். செடியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம்.

வகைப்பாடு: இந்தச் செடி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 1753இல் லின்னேயஸ் பில்லாந்தஸ் நிரூரி என்ற இனத்தை விவரித்தார். பின்வந்த இந்தியத் தாவர நூல்கள் கீழாநெல்லிக்கும் அந்தப் பெயரையே வழங்கின. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிப் பகுதியில் திரட்டிய செடிகளைக் கொண்டு ஷூமாக்கரும் தானிங்கும் 1827இல் பில்லாந்தஸ் அமாரஸ் என்ற இனத்தை விவரித்திருந்தனர். 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் பில்லாந்தஸ் பேரினத்தை விரிவாக ஆராய்ந்து, நிரூரி அமெரிக்காவுக்கே உரியது எனக் காட்டினார். இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்று இனங்கள் என்று மித்ராவும் ஜெயினும் 1985இல் தெளிவுபடுத்தினர். அமாரஸின் பூவில் இதழ்கள் ஐந்து. மற்ற இரண்டிலும் ஆறு. அமாரஸில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே இலைக்கக்கத்தில் இணையாக நிற்கும். அமாரஸும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பரவியதே. முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம் இப்போது பில்லாந்தேசியே என்னும் தனிக் குடும்பத்தில் அடங்கும். நாட்டு மருந்துக்கடைச் சரக்கில் இன்றும் பல இனங்கள் கலந்தே வருகின்றன.

வேதியியல்: 1946இல் கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்ரியும் செடியின் கசப்புப் பொருளை ஆராய்ந்தனர். அதிலுள்ள பில்லாந்தின் என்ற லிக்னான் சேர்மத்தின் அமைப்பை ராமச்சந்திர ராவ் குழுவினர் 1964இல் வெளியிட்டனர். பில்லாந்தினும் ஹைப்போபில்லாந்தினும் எலியின் கல்லீரல் செல்களை நச்சுப்பொருள்களிடமிருந்து காப்பதை 1985இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவச் சோதனைகள்: சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லிச் சாறு, மஞ்சள் காமாலைக்கு ஒரு காரணமான கல்லீரல் அழற்சி பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதாக 1982இல் அறிவித்தனர். அந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிலடெல்பியாவின் பரூக் பிளம்பெர்க் இதில் ஆர்வம் கொண்டார். 1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பெர்க் மூவரும் அமெரிக்க நில அணில் வகையான வுட்சக்கில் காணப்படும் அதே இன வைரஸையும் இச்சாறு தடுப்பதாக எழுதினர். 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான சென்னைச் சோதனை உலகின் கவனத்தை ஈர்த்தது. வைரஸைத் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாள்கள் செடித்தூள் தரப்பட்டது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது.

தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் இப்பயன் கிட்டவில்லை. செடி விளைந்த மண், பறித்த பருவம், நோயாளிகளின் நிலை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. சாறு, வைரஸ் மரபணுவின் படியெடுப்பைத் தடுப்பதாக 1990களில் செல் ஆய்வுகள் காட்டின. 16 சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2011ஆம் ஆண்டுக் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, பயனை உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை என முடித்தது.

நாள்பட்ட கல்லீரல் அழற்சி பி நோய்க்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளே இப்போது முதன்மைச் சிகிச்சை. கீழாநெல்லி அவற்றுக்கு மாற்றாக ஏற்கப்படவில்லை.