புரோட்டீன் ஸ்கிம்மர்: அளவுத் தேர்வு

பவளத் தொட்டியில் மீன்கழிவும் மிச்சத் தீனியும் சிதைந்து நைட்ரேட்டாக மாறுமுன், கரைந்த கரிமப் பொருள்களை நுரையோடு வெளியேற்றும் கருவி. நுண்ணிய காற்றுக் குமிழிகளில் அவை ஒட்டிக்கொள்ள, நுரை கழுத்துக் குழாயில் ஏறி மேற்கோப்பையில் கரும்பழுப்புச் சாறாகத் தேங்கும்.

பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 120×60×60 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 432 லிட்டர். பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்து, சம்ப் எனப்படும் துணை வடிகட்டித் தொட்டியின் நீரைக் கூட்டினால்தான் உண்மையான நீரளவு கிடைக்கும். அதைவிட முக்கியம், எத்தனை மீன்கள், எவ்வளவு தீனி என்பது. தீனி அதிகமென்றால் ஒரு படி பெரிய ஸ்கிம்மர் தேவை. ஆனால் பெரியதே நல்லது என்று எண்ணுவது தவறு: கழிவு குறைந்த நீரில் அகன்ற கழுத்துக்குள் நுரை நிலைத்து ஏறாது, கோப்பை நாள்கணக்கில் காய்ந்து கிடக்கும். மீன் குறைந்த தொட்டிக்கு ஒடுங்கிய கழுத்தே பொருந்தும்.

அமெரிக்க வேதியியலாளர் கென் ஃபெல்ட்மேன் குழுவினரின் ஆய்வில், ஸ்கிம்மர்கள் நீரிலிருந்த மொத்தக் கரிம கார்பனில் ஏறத்தாழ 20–30 விழுக்காட்டையே அகற்றின. எனவே எவ்வளவு பெரிய ஸ்கிம்மரும் நீர் மாற்றுவதற்கு ஈடாகாது. அளவு சரியாக இருந்தாலும், ஸ்கிம்மர் நிற்கும் சம்பில் நீர்மட்டம் ஏறி இறங்கினால் நுரையின் உயரமும் மாறும். தயாரிப்பாளர் குறித்த ஆழத்தில் மட்டத்தை நிலையாக வைக்க வேண்டும்.