செகாவ் திட்டிய ஊரும் ஊர் கொடுத்த பதிலும்

உங்கள் ஊரை யாராவது "சுத்த போர்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? சைபீரியாவில் தோம்ஸ்க் என்றொரு நகரம் இருக்கிறது. 1604-ல் உருவான ஊர். அது செய்ததைக் கேளுங்கள்.

1890-ல் எழுத்தாளர் அந்தோன் செகாவ், சகாலின் தீவிலிருந்த கைதிகளைப் பார்க்கக் கிளம்பினார். வயது 30. ஏற்கெனவே காசநோயின் அறிகுறிகள் தெரிந்திருந்தன. சைபீரிய ரயில் பாதை அப்போது இல்லை, குதிரை வண்டிதான். மே மாதம், வழியெல்லாம் வெள்ளம், சேறு. தோம் ஆற்றைப் படகில் கடக்கும்போது புயல் வேறு. படகு கவிழ்ந்தால் முதலில் எந்தக் கோட்டைக் கழற்றுவது, அப்புறம் எதை என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டே போனாராம்!

ஒருவழியாக தோம்ஸ்க் வந்து சேர்ந்து, அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். போலீஸ் அதிகாரி பார்க்க வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். கைதிகளைப் பார்க்கப் போகிறவரைத் தேடி போலீஸ் வந்தால்? கொஞ்சம் பதறித்தான் போனார். வந்தவரோ இலக்கிய ரசிகர், தானே எழுதுகிறவர் :) வீட்டுக்குப் போய்த் தன் நாடகத்தை எடுத்து வந்தார். ஆனால் வாசித்துக் காட்டியது ஒரு கதையை. தங்கக் கட்டி ஒன்றையும் காட்டினார். பிறகு வோட்கா கேட்டார்.

சுமார் ஒரு வாரம் தங்கிய செகாவ், ஊரைப் பற்றி எழுதியது கொடுமை. சலிப்பூட்டும் ஊர், மனிதர்களும் அப்படியே, சாப்பாடு மட்டும் நன்று என்று போட்டுத் தாக்கிவிட்டார். சைபீரியாவின் முதல் பல்கலைக்கழகம் 1888-ல் இதே ஊரில்தான் திறக்கப்பட்டது. அதுவும் மருத்துவப் படிப்போடு! டாக்டரான அவர் மனதை அதுகூட மாற்றவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். சகாலினில் இதே மனிதர் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர் கேட்டு அட்டையில் குறித்தார். சுமார் 10,000 பேரை அப்படிப் பதிவு செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். கைதிகளிடம் காட்டிய அந்தப் பொறுமையில் கொஞ்சம்கூட வழியில் இருந்த ஊருக்குக் கிடைக்கவில்லை. களைப்பும் ஈரக் காலணியும் ஒரு ஊரின் பெயரையே கெடுத்துவிட்டன.

114 வருடம் கழித்து ஊர் பதில் சொன்னது. 2004-ல், நகரத்தின் 400-வது ஆண்டில், சிற்பி லியோந்தி ஊசவ் செய்த செகாவ் சிலையை ஆற்றங்கரையில் வைத்தார்கள். கோணல் கண்ணாடி, பின்னால் குடை, வெறுங்கால், அதுவும் பூதாகாரமான பாதம். சிலையின் பெயர் இன்னும் விசேஷம்: 'கஷ்தான்கா'வைப் படிக்காமல் சாக்கடையில் கிடக்கும் ஒரு குடிகாரனின் கண்ணுக்குத் தெரியும் அந்தோன் பாவ்லவிச்! (கஷ்தான்கா, செகாவின் புகழ்பெற்ற நாய்க் கதை.)

இப்போது அந்தச் சிலையின் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று தடவித் தடவியே அதைப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். திட்டியவரை ஊர் திருப்பித் திட்டவில்லை. கேலி செய்தது, கூடவே வைத்துக்கொண்டது.

அடுத்த முறை பஸ் ஜன்னல் வழியாக ஒரு ஊரைப் பார்த்து "சே, என்ன ஊர்டா இது" என்று சொல்ல வாயெடுத்தால், அந்த மூக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.