வில்லை இல்லாமல் எக்ஸ்ரே படம்: 47 ஆண்டுகள் காத்திருந்த டேவிட் சேயர்

கை எலும்பு முறிந்தால் எடுக்கப்படும் எக்ஸ்ரே ஒரு நிழல் படம்தான். ஒரு பக்கம் கதிர், மறு பக்கம் தகடு, நடுவில் கை. எலும்பின் நிழல் தகட்டில் விழுகிறது. எலும்புக்கு அது போதும். உயிரணுவின் உட்புறத்தைக் காண அது போதாது. சாதாரண நுண்ணோக்கியில் கண்ணாடி வில்லை ஒளியை வளைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். எக்ஸ் கதிரோ கண்ணாடியில் ஏறக்குறைய வளைவதே இல்லை.

வில்லை செய்யும் வேலையைக் கணக்கே செய்துவிடும் என்பதற்கு வித்திட்டவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் சேயர் (1924–2012). ஆக்ஸ்ஃபர்டில் டோரதி ஹாட்ஜ்கினிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர்.

ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர், திரையில் ஒளிப்புள்ளிகளாக விழும். எந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசம் என்பதைக் கருவி அளந்துவிடும். ஆனால் கதிர் ஓர் அலை. திரையைத் தொட்ட நேரத்தில் அந்த அலை ஏறுமுகத்தில் இருந்ததா, இறங்குமுகத்தில் இருந்ததா என்பது பதிவாகாது. படத்தின் பாதித் தகவல் அங்கேயே தொலைந்துவிடுகிறது. படிகங்களை ஆராய்ந்தவர்களுக்கு இது தீராத தலைவலி.

புள்ளிகளை மட்டும் அளக்காமல் அவற்றுக்கு நடுவில் உள்ள இடத்தையும் அளந்தால் தொலைந்ததை மீட்கலாம் என்று 1952இல் சேயர் எழுதினார். தொலைத்தொடர்புத் துறையில் கிளாட் ஷானன் சொன்ன தேற்றத்திலிருந்து அவருக்கு இந்த யோசனை பிறந்தது. கட்டுரையின் நீளம் ஒரே பக்கம்!

அதைச் செய்துகாட்ட அன்று போதிய கதிரும் இல்லை, கணினியும் இல்லை. சேயர் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, ஃபோர்ட்ரான் கணினி மொழியை உருவாக்கிய குழுவில் பணியாற்றினார். பின்னாளில் வேண்டியிருந்த கணினித் துறையைத் தாமே வளர்த்துக் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். 1970களில் மீண்டும் எக்ஸ் கதிர் நுண்ணோக்கிக்குத் திரும்பினார்.

1999இல்தான் அந்த யோசனை படமானது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் ஜியான்வே மியாவ், பேராசிரியர் யானோஸ் கிர்ஸ், சேயர் ஆகியோர் அடங்கிய குழு, நுண்ணிய தங்கப் புள்ளிகளால் ஆன எழுத்துகளை வில்லை இல்லாமல் படமெடுத்தது. சுமார் 75 நானோமீட்டர் வரை துல்லியம். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போது சேயருக்கு வயது 75.

அதன் பிறகு வேகம் கூடியது. 2017இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தில், பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல பதிவுகள் எடுத்து இணைக்கும் முறையில், கணினிச் சில்லு ஒன்றின் சிறு துண்டு முப்பரிமாணமாகப் படமெடுக்கப்பட்டது. உள்ளே ஓடும் கம்பிகள் 14.6 நானோமீட்டர் துல்லியத்தில் தெரிந்தன.

உயிரணுக்களில் இன்னும் ஒரு தடை இருக்கிறது. நுணுக்கம் கூடக்கூட அதிகக் கதிர் பாய்ச்ச வேண்டும். அந்தக் கதிரே உயிரணுவைச் சிதைத்துவிடும். அதனால்தான் பல ஆய்வுகளில் உயிரணுக்களை உறைய வைத்துப் படமெடுக்கிறார்கள்.