தஞ்சைக் கோட்டைக்கு வந்த நெல்

தஞ்சைக் கோட்டைக்குள் நெல் இல்லை. நாட்டுப்புறத்தில் இருந்தது, ஏற்றி வர மாடுதான் இல்லை. 1780இல் கர்நாடிக் சீமைக்குள் புகுந்த மைசூர் ஹைதர் அலியின் படை, மறு ஆண்டு தஞ்சைச் சீமையையும் சூறையாடிவிட்டது. கோட்டைச் சிப்பாய்கள் பசியில் சுருண்டு விழுந்தார்கள். விடிந்தால் தெருவோரங்களில் பிணம். மாடு வைத்திருந்த குடியானவர்களோ மாடுகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போனார்கள். எதிரிப் பயத்தோடு வேறொரு காரணமும் இருந்தது. முன்பு கோட்டைக்கு நெல் கொண்டுவந்தபோது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை இடையில் நின்ற துபாஷிகள் விழுங்கிவிட்டார்கள். ஒரு தடவை ஏமாந்தவன் இரண்டாம் தடவை வண்டி பூட்டுவானா?

அரசர் துளஜாஜி ஆணையிட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில், உங்கள் சொல்லும் செல்லாது, என் சொல்லும் செல்லாது, பாதிரியார் சுவார்ட்ஸை இந்த ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்ற கருத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் பேசினாராம். எதுவும் எழுதாத தாள் ஒன்றை சுவார்ட்ஸ் ஐயருக்கு அனுப்பி, குடியானவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள அதிகாரம் கொடுத்தார்.

ஐயர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். எதிரி எந்த மாட்டைப் பிடித்துப் போனாலும் அதன் விலையைத் தம் கையாலேயே தருவதாக வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேல் மாடுகள் வந்து சேர்ந்தன. சொற்ப காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து லட்சம் மரக்கால். கோட்டை பிழைத்தது.

கிறிஸ்டியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் பிறந்தவர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798இல் தஞ்சையில் மரித்தவர். இடையில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. நம் பிரசங்க மேடைகளில் அவர் பெயர் வரும்போதெல்லாம் 1779இன் ஸ்ரீரங்கப்பட்டணப் பயணமும் தவறாமல் வரும். சென்னை அரசாங்கத்தின் தூதுவராக வேறு எவரையும் ஏற்காத ஹைதர், இந்தப் பாதிரி என்னை ஏமாற்றமாட்டார் என்று அவரைக் கேட்டு வாங்கிய கதை அது. சிறப்பான கதைதான். ஆனால் பலன் என்று பார்த்தால் அடுத்த ஆண்டே போர் வந்துவிட்டது. ஒருவரின் நாணயத்தை அரசாங்கங்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்தும், அதற்கேற்ப நடந்துகொள்ளாது. அந்தப் பயணத்தில் என்னை நிறுத்துவது வேறொரு சிறு செய்தி. வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை ஐயர் மறுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்று சொன்னதால் வாங்கிக்கொண்டார். திரும்பியதும் சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக வைத்தார்.

கைக்கு வந்த பணத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கும் இந்தப் பழக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வந்ததல்ல. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் பல இடங்களிலிருந்து வந்த காணிக்கையால் பெருமளவு நடந்தவை. அங்கே பக்தி எவ்வளவு முக்கியமோ, நாட்குறிப்பும் கணக்கும் அவ்வளவு முக்கியம். தரங்கம்பாடி மிஷனரிகள் எழுதி அனுப்பியவை 1710 முதல் ஹாலேயில் அச்சாகி வந்தன. காணிக்கை கொடுத்தவர்கள் அவற்றைப் படித்தார்கள். சுவார்ட்ஸ் படித்தது அந்த ஹாலேயில்தான். தமிழின் முதல் பாடத்தையும் அங்கேயே, இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த ஷூல்ட்சேயிடம் கற்றார். எந்தத் தொழிலும் தேவனுக்கு முன் ஊழியமே என்று லூத்தர் போதித்ததை நாம் கொள்கையாகப் படிக்கிறோம். ஹாலேயில் அது காலை மணி அடித்தவுடன் தொடங்கும் வேலைப் பட்டியலாகவே இருந்தது.

அதையே அவர் காவிரிக் கரையிலும் நடத்தினார். காலையில் உபதேசிமாரைக் கூட்டி ஜெபிப்பார். யார் எந்தத் திசைக்கு என்று அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். மாலையில் ஒவ்வொருவரும் வந்து, எங்கே போனோம், யாரிடம் என்ன பேசினோம் என்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்காக இதேதான். படிக்கச் சலிப்பாக இருக்கும். நடத்த இன்னும் சலிப்பாக இருந்திருக்கும். ஆனால் கிராமத்து ஜனங்கள் பாதிரியாரை அறிந்தது இந்த உபதேசிமார் வழியாகத்தான். சொன்ன நாளில் வருகிறவர்கள், சொன்னதைச் செய்கிறவர்கள் என்று பார்த்துப் பழகியிருந்தார்கள். மாடு கேட்டுக் கடிதம் வந்தபோது, எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று எவரும் புதிதாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

நெல் சேர்க்க உயிரைப் பணயம் வைத்து நாட்டுப்புறம் முழுக்க அலைந்தவர்களும் உபதேசிமாரே. சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைப் பின்னாளில் மன்னரான சரபோஜி பற்றியிருக்கிறார். நெல் சேர்த்துக் கொண்டுவந்த உபதேசிமாருக்கு அதில் இடமில்லை. சிற்பியைக் குறை சொல்ல முடியாது. அரசரின் செலவில் அரசர்தான் வருவார். மிஷன் வரலாறு எழுதும் நாமும் அப்படியே விட்டுவைத்திருப்பதுதான் உறுத்துகிறது.

எல்லாம் முடிந்ததும் ஐயர் ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்து, மேலே சிறு வெகுமதியும் கொடுத்து அனுப்பினார். தம் கையில் இருந்த பிறருடைய பணத்தையும் எடுத்தே கொடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். கறாரான தணிக்கையாளர் இந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிடுவார். கோடிட வழிவிட்டு எழுதியிருக்கிறாரே, அதைத்தான் நான் கவனிக்கிறேன். லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரன் கணக்குச் சீட்டைத் திருத்தி எழுதச் சொல்கிறான். இவரோ தமக்கு இடைஞ்சலான வரியையும் சீட்டிலேயே விட்டுவைக்கிறார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் கோயில் வெஸ்டரியில் இரண்டு பேர் காணிக்கைப் பையைக் கவிழ்த்து உட்காருகிறார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று நாணயத்தை அடுக்கி, கசங்கிய பத்து ரூபாய்த் தாளை நீவி, தாள் வாரியாக எழுதிக் கூட்டி, இருவரும் கையொப்பமிடுகிறார்கள். வெளியே பிரியாணிப் பேச்சு நடக்கும். வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்துக் கொண்டுவரும் அம்மாவும் அந்த மேசையை நம்பித்தான் கொடுக்கிறார். சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த ஆண்டு கணக்கை ஒழுங்காக எழுதினேன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சபை சிரிக்கும். ஆனால் ஒரு சபை பிளந்த கதையை விசாரித்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி இந்த மேசையில்தான் தொடங்கியிருக்கும்.

மறுபடி தஞ்சைக்கு வருவோம். போருக்குப் பின்னும் அந்தச் சீமையின் துன்பம் தீரவில்லை. வசூல் அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடிகள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். திரும்பி வரச் சொல்லி அரசர் உறுதிமொழி கொடுத்தும் ஒருவரும் வரவில்லை. மறுபடியும் ஐயரையே கேட்டார்கள். அவர் சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். வழக்கமாக ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடி வேலை, செப்டம்பர் வந்தும் தொடங்கியிருக்கவில்லை. பருவம் தப்பிவிட்டதே என்று ஐயர் கவலைப்பட்டார். நீங்கள் எங்களுக்கு நல்லது செய்தீர்கள், இரவு பகலாக உழைத்துக் காட்டுகிறோம் என்று குடியானவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மேலாக இருந்தது.