குத்தகைக்கு விடப்பட்ட தீவு: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடியிருப்பின் வரலாறு

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் காவிரி இரண்டு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேரும் இடத்தில், ஏறத்தாழ மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட தீவாக ஸ்ரீரங்கப்பட்டணம் அமைந்துள்ளது. கோயில், கோட்டை, நிலவறைச் சிறை, தோட்ட மாளிகை என்ற வரிசையில் இவ்வூரைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவோர் பலர் உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தீவு முழுவதும், ஒரு வீட்டையோ வயலையோ குத்தகைக்கு விடுவதுபோல, ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி, ஓர் அரசால் இன்னோர் அரசுக்கு விடப்பட்டிருந்தது என்பது பரவலாகப் பேசப்படாத செய்தி. இந்த ஆற்றங்கரை ஊரில் யார், எந்த உரிமையில் குடியிருந்தார்கள் என்று பார்த்தால் அதன் ஏற்றமும் இறக்கமும் தெளிவாகின்றன.

தொடக்கத்தில் இங்கே குடியிருப்புரிமை கோயிலைச் சார்ந்திருந்தது. அரங்கநாதசுவாமி கோயில் கங்கர் காலத்தில், 894-இல், திருமலையா என்ற சிற்றரசரால் கட்டப்பட்டது என்பது மரபு. இராமானுசர் தமிழகத்தை விட்டு ஹொய்சள நாட்டுக்கு வந்தபோது, காவிரியின் இருகரையிலும் இருந்த எட்டு ஊர்களை மன்னர் விஷ்ணுவர்தனர் அவருக்கு வழங்கினார் என்றும், அஷ்டகிராமம் எனப்பட்ட அவ்வூர்களை மேற்பார்க்க அமர்த்தப்பட்டவர்கள் ஹெப்பார் என்ற பட்டம் பெற்றனர் என்றும் அதே மரபு கூறுகிறது. கன்னட நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தும் வீட்டில் தங்களுக்கே உரிய ஒரு தமிழைப் பேசிவரும் ஹெப்பார் ஐயங்கார்களின் பெயர் இந்தப் பட்டத்தை ஒட்டியது. வீடும் நிலமும் வரியின்றிக் கொடையாக வழங்கப்படும் அக்கிரகார முறையில், குடியிருப்பவர் வாடகை தருவதில்லை. கோயிலுக்கோ வேதக் கல்விக்கோ செய்யும் பணியே அதற்கு ஈடாகும். 1454-இல் விஜயநகர அரசின் இசைவோடு இங்கே கோட்டை எழுந்தது. 1610-இல் மைசூரின் ராஜ உடையார் இதைக் கைப்பற்றித் தலைநகராக்கினார். அதன்பின் கோயிலோடு அரண்மனையும் குடியிருப்பைத் தீர்மானிக்கும் இடமாயிற்று.

ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் ஊர் அதன் உச்சத்தை எட்டியது. ஆயினும் அந்த வளர்ச்சி முழுவதும் மக்கள் விரும்பி வந்து சேர்ந்ததால் உண்டானதன்று. தீவின் கிழக்குப் பகுதியில் ஷஹர் கஞ்சாம் என்ற புறநகரை உருவாக்கிய திப்பு, அதில் குடியேற்றுவதற்காகச் சீரா நகரிலிருந்து 12,000 குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. ஆணையால் குடியேறியவர்கள் ஆணை இருக்கும்வரைதான் தங்குவார்கள் என்பது விரைவிலேயே தெரியவந்தது.

1799 மே 4 அன்று கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏற்றப்பட்டார். தலைநகர் மைசூருக்கு மாறியது. தீவை மட்டும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கென வைத்துக்கொண்டது. அரசவையை நம்பி வாழ்ந்தவர்கள் அரசவையின் பின்னே சென்றனர். மறு ஆண்டில் இங்கு வந்த கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், திப்பு காலத்தில் ஒன்றரை இலட்சம் பேராவது வாழ்ந்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்ட இத்தீவில், கோட்டைக்குள் 4,163 வீடுகளும் 5,499 குடும்பங்களும், கஞ்சாமில் 2,216 வீடுகளும் 3,335 குடும்பங்களும் இருந்ததாகப் பதிவு செய்து, வீட்டுக்கு ஐந்து பேர் என்று கொண்டு மக்கள்தொகையை 31,895 எனக் கணக்கிட்டார். ஊர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய நிலையிலும் வீடுகளைவிடக் குடும்பங்கள் 2,455 கூடுதலாக இருந்தது இக்கணக்கில் கவனிக்கத்தக்கது. இவற்றுள் சில, ஒரே கூட்டுக்குடும்பத்தின் கிளைகளாக இருந்திருக்கலாம். எனினும் ஒரு கூரையின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்புகள் எரிந்தன என்பது உறுதி. ஒரே கிணற்றையும் முற்றத்தையும் பகிர்ந்துகொண்டு பல குடும்பங்கள் வாழும் இத்தகைய அமைப்பைத் தமிழில் ஒண்டுக்குடித்தனம் என்பர். மைசூர், பெங்களூர் நகரங்களில் பிற்காலத்தில் வட்டாரா என்ற பெயரில் பெருகிய வாடகைக் குடியிருப்புகளும் இவ்வகையினவே.

வெளியேறியவர்களின் இடத்தில் படைவீரர்கள் வந்தனர். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லஸ்லி, திப்பு 1784-இல் ஆற்றங்கரையில் கட்டிய தரியா தௌலத் மாளிகையில் குடியிருந்தார். இன்றைய சுவிட்சர்லாந்தின் நூஷாத்தேல் பகுதியில் 1781-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் திரட்டப்பட்டு, நன்னம்பிக்கை முனையிலும் இலங்கையிலும் டச்சுக்காரரிடம் ஊதியம் பெற்றுவந்த த மூரோன் படைப்பிரிவு, 1795-இல் ஆங்கிலேயர் பக்கம் மாறி, 1799 முற்றுகையில் போரிட்டு, பின்னர் சில ஆண்டுகள் இங்கேயே தங்கியது. ஊதியம் தருபவர் மாறினால் கொடியும் மாறும் கூலிப்படையின் வீரர்கள் பலரும், அவர்களுடைய மனைவி மக்களும் காவிரியின் கரையிலுள்ள படையினர் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டுள்ளனர். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட அத்தோட்டம், த மூரோன் வழித்தோன்றல்களின் உதவியோடு அண்மைக் காலத்தில் சீரமைக்கப்பட்டது. பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையின் தலைவராயிருந்த கர்னல் ஸ்காட், மனைவி மக்களை இழந்த துயரத்தில் வீட்டை அப்படியே விட்டுப் போனார் என்றும், அரசர் அதைக் கட்டில் நாற்காலிகளோடு நெடுநாள் காத்துவரச் செய்தார் என்றும் வழங்கும் கதை, ஆற்றங்கரையில் ஸ்காட் பங்களா என்ற பெயரில் நிற்கும் வீட்டைச் சார்ந்தது.

கல்லறைகள் பெருகியதற்குப் போரைவிடக் காய்ச்சலே பெருங்காரணம். ஆறும் வாய்க்கால்களும் நன்செய் வயல்களும் சூழ்ந்த தீவில் மலேரியா ஓயவில்லை. அந்நோயைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல்தான் கண்டறிந்தார் என்பதால், அன்றைய படைத் தலைவர்களுக்கு ஊரை விட்டு விலகுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. 1809-ஐ ஒட்டிப் பெங்களூரில் கன்டோன்மென்ட், அதாவது படையினர்க்கான தனிக் குடியிருப்பு, உருவானது. சென்னைப் படையோடும் அதற்குச் சரக்கு வழங்கிய ஒப்பந்தக்காரர்களோடும் சென்று சேர்ந்த தமிழர்கள் அங்கே பெருந்தொகையினராயினர்.

தனக்குப் பயன்படாத தீவைக் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிடவில்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று தொகை குறித்து மைசூர் அரசுக்கே குத்தகைக்கு விட்டது. 1799 உடன்படிக்கையின்படி மைசூர் செலுத்திவந்த திறைத் தொகை 24.5 இலட்சம் ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால் இது ஐம்பதில் ஒரு பங்கு அளவே. ஆயினும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகத் தம் தலைநகராயிருந்த ஊருக்கு உடையார்கள் குடிக்கூலி தர நேர்ந்தது என்பதே இதன் பொருள். 1831-இல் ஆங்கில ஆணையர்கள் மைசூரின் ஆட்சியை நேரடியாக ஏற்றபோதும், 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி வந்தபோதும் தீவின் உரிமை ஆங்கிலேயரிடமே இருந்தது.

குத்தகைக்கு விட்டவர் அங்கு வாழவில்லை. எடுத்தவரின் அரசவையோ மைசூரில் இருந்தது. இருவருக்கும் தேவைப்படாத ஊரின் கட்டடங்கள் கல்லாகவும் மரமாகவும் மட்டுமே மதிப்புப் பெற்றன. திப்புவின் லால் மஹால் அரண்மனை இடிக்கப்பட்டது. அதன் உத்தரங்கள் நீலகிரிக்கு ஏற்றப்பட்டு, உதகமண்டலத்தில் 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கூரையைத் தாங்க இன்றும் பயன்படுகின்றன. 1881-இல் ஆட்சி மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பெங்களூர் கன்டோன்மென்ட் நிலப்பகுதியை ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாக இத்தீவை மைசூருக்கு விட்டுக்கொடுத்தனர். குத்தகை அத்துடன் முடிந்தது. 1901-இல் எடுத்த கணக்கெடுப்பில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மக்கள்தொகை 8,584.

வாடகை என்பதே பழைய ஊரை அழித்துவிடும் என்று இதிலிருந்து முடிவு செய்வது சரியாகாது. நெதர்லாந்தின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. கப்பல் வணிகம் குன்றியபின் கேட்பாரற்றுப் போன ஹோர்ன், என்க்ஹௌசன் போன்ற நீர்க்கரை ஊர்களின் பழைய வீடுகளைக் காக்க, 1918-இல் ஆம்ஸ்டர்டாமில் ஹென்ட்ரிக் த கெய்சர் சங்கம் என்ற அமைப்பு தோன்றியது. பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இச்சங்கம், பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து, காட்சிக்கூடமாக்கிப் பூட்டிவைக்காமல், பெரும்பாலும் குடியிருக்க வாடகைக்கு விடுகிறது. வசிப்பவர் தரும் வாடகை அவ்வீடுகளின் பராமரிப்புக்கே உதவுகிறது. நாடெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இன்று அதன் கையில் உள்ளன. தீவின் குத்தகைப் பணம் உரிமைக்கான விலையாக ஊரை விட்டு வெளியே போனது. டச்சு ஊர்களின் வாடகை கூரைக்கும் சுவருக்குமே திரும்பி வருகிறது.

இன்று மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவுச் சின்னங்களுக்குப் பாதுகாப்பு குறைவில்லை. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இருப்புப்பாதையை இரட்டிப்பாக்குவதற்காக 2017-இல் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று இடிக்கப்படாமல் முழுதாகப் பெயர்த்து நகர்த்தி வைக்கப்பட்டது. ஆனால் சின்னங்களுக்கு இடையிலுள்ள ஓட்டு வீடுகளில் குடியிருப்போர்க்குச் சட்டம் தடையைச் சொல்கிறதேயன்றி, பழுது பார்க்கப் பணத்துக்கு வழி சொல்வதில்லை. ஆளில்லாத ஊரின் கதி என்ன என்பதை இத்தீவு ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. பழைய வீடுகளைச் சீராக்கி வாடகைக்கு விட்டு, அவ்வருவாயை அவ்வீடுகளுக்கே செலவிடும் ஓர் ஏற்பாட்டைக் கர்நாடக அரசு இங்கே தொடங்குவது காலத்தின் தேவை.