ஆங்கிலம் கற்பித்த முறைகள்: அன்றும் இன்றும்

பிற பாஷையொன்றைக் கற்பிக்கும்போது தாய்மொழியைத் துணைக்கொள்வதா, விலக்கி வைப்பதா? ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பலவும் இவ்வினாவைச் சுற்றியே வளர்ந்தன எனலாம்.

1823-இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறியை நிறுவினர். அங்கு ஆங்கிலத்தோடு தமிழும், கணிதமும், வானசாஸ்திரமும் போதிக்கப்பட்டன. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னர் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். வெஸ்லியன் பாடசாலையிற் கற்ற ஆறுமுக நாவலரோ, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையையும் தொடங்கினார். ஆங்கிலம் இப்பெரியாரைத் தமிழினின்று பிரிக்கவில்லை.

அந்நூற்றாண்டிற் பல நாடுகளிலும் பரவியிருந்தது இலக்கண மொழிபெயர்ப்பு முறையாகும். விதிகளை மனனஞ்செய்து, வாக்கியங்களைப் பாஷை பெயர்ப்பதே அதன் வழி. அதனால் வாசிப்பு வளர்ந்தது; நாவோ கட்டுண்டு கிடந்தது. 1880-களில் ஐரோப்பாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. பொருளைக் காட்டிச் சொல்லைப் பேசப் பழக்கும் நேர்முறை வந்தது. தாய்மொழி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. வங்காளத்திற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற், மாணவர்க்கு முதலில் வேண்டுவது வாசிப்பே எனக் கண்டு, சொற்களை எண்ணிப் படிப்படியாகப் புகுத்தும் நூல்களை எழுதினார். 1953-இல் வெளிவந்த அவரது பட்டியலில் அடிப்படைச் சொற்கள் ஏறக்குறைய 2,000 அடங்கின. 1970-களின் பின், பிழைக்கு அஞ்சாது கருத்தைப் பரிமாறுவதே மொழியின் பயன் என்ற கொள்கை வலுப்பெற்றது.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் வினைச்சொல்லின் காலங்களை வரிசையாக ஒப்புவித்தோம். பல்கலைக்கழகம் புகுந்த முதல் வாரத்தில், விரிவுரையாளரிடம் ஓர் ஐயம் கேட்க எழுந்து, வாய் திறவாமல் அமர்ந்தோம். பேச மட்டும் பழகிய நண்பர் சிலரோ, ஒரு நூலின் பக்கத்தைப் படித்து அதன் கருத்தைத் தமிழிற் கூறத் தடுமாறினர். குறை இரு பக்கத்திலும் உண்டு.

ஆகவே பழைய முறையின் ஆழமும் புதிய முறையின் துணிவும் ஒருங்கே வேண்டும். நகரத்துச் செல்வர் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆங்கிலம் காதில் விழுகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றே கதி. அங்கே தமிழ் விளக்கட்டும், ஆங்கிலம் பேசப்படட்டும். ஆங்கிலம் அறிந்த பெரியோர்களே, வாரத்தில் ஒரு மாலையை இப்பிள்ளைகளுக்கு ஈவீர்களாக. இளைஞராகிய நாமும் உடனிருந்து உழைப்போம்.